அப்படி ஒருத்தர் இந்தத் தெருவில் இல்லை

"வெளிய போ. போயிட்டு மறுபடி வா."

நாச்சியார் வாசலுக்கு வெளியே போய் நின்று, திரும்பி, "உள்ள வரலாமா சார்?" என்றாள்.

"இது என்ன, பக்கத்து வீட்டுல உறைமோர் கேக்குத மாதிரி? சத்தமாக் கேளு. கேட்டுட்டு, நான் சொல்லுத வரைக்கும் உக்காராத."

"வீட்டுல இருக்கிறதே ஒரு நாற்காலி. அதுலயும் நீங்கதான இருக்கீங்க மாமா?"

"மாமா இல்ல, சார்."

அதிகாரியாக அமர்ந்திருந்தவர் பேச்சிமுத்து. நாச்சியாரின் அப்பா இருளப்பசாமியோடு அதே மில்லில், அதே ஷிப்டில் வேலை பார்ப்பவர். நாலு வீடு தள்ளிக் குடியிருந்தார். காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு, கண்ணாடி போடாத மூக்கை அடிக்கடி தொட்டுச் சரிசெய்துகொண்டிருந்தார்.

நேர்காணல் வெள்ளிக்கிழமை. வேலை, ராஜபாளையத்து இ.எஸ்.ஐ. ஆபீசில். மில்லில் வேலை பார்ப்பவர்கள் உடம்புக்கு முடியாமல் படுத்தால், டாக்டர் கொடுக்கிற சீட்டை அந்த ஆபீசின் கம்பி ஜன்னலில் நீட்ட வேண்டும். படுத்திருந்த நாட்களுக்குப் பாதிச் சம்பளம் கிடைக்கும். அந்த ஜன்னலுக்கு உள்பக்கம் உட்காரத்தான் இப்போது ஆள் எடுக்கிறார்கள். பள்ளிக்கூடம் முடித்த கையோடு நாச்சியார் வேலைவாய்ப்பு ஆபீசில் பதிந்து வைத்திருந்தாள். தங்கை இரண்டு பேரும் பெரியவர்களாகி, அவளுக்கு வந்த இரண்டு சம்பந்தமும் நகைப் பேச்சில் நின்று போன பிறகுதான் இந்த அழைப்பு வந்தது. இது தவறினால் அம்மாவோடு பேண்டேஜ் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான். அங்கே அவளுக்கு ஏற்கெனவே இடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

அந்த ஆபீஸ் விவரம் பேச்சிமுத்துவுக்குத்தான் தெரியும் என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர்கள் மாறி மாறிப் போனார்கள். வெளியே வரிசையில் நின்ற பேச்சிமுத்து மட்டும் மாறவில்லை.

"சரி, முக்கியமான கேள்வி. ஒருத்தன் பொய்ச் சீட்டு நீட்டுதான். பொய்னு ஒனக்குத் தெரியும். என்ன செய்வ?"

"மேலதிகாரிகிட்டச் சொல்லுவேன் சார்."

பேச்சிமுத்துவின் கால் கீழே இறங்கியது. "எடுத்த எடுப்புல சொல்லிருவியா?"

"பொறவு?"

"ஆளு தெரிஞ்ச ஆளா இருந்தா? ஒண்ணுக்குள்ள ஒண்ணா இருந்தா?"

மூலையில், காயத்துக்குக் கட்டும் காஸ் துணியைச் சதுரம் சதுரமாக மடித்துக்கொண்டிருந்த நாச்சியாரின் அம்மா கருத்தம்மாள் நிமிர்ந்தாள். கம்பெனியிலிருந்து கொண்டுவந்து வீட்டிலும் மடித்துக் கொடுப்பாள். மடிக்கும்போது அவள் கண் துணியில் இருக்காது. ஆளின் முகத்தில்தான் இருக்கும்.

"அண்ணே, இது ஆபீசர் கேக்கிற கேள்வியா, நீங்க கேக்கிற கேள்வியா?"

"ஆபீசர் கேப்பாரு தங்கச்சி. கட்டாயம் கேப்பாரு."

"கேக்கட்டும். அவ என்ன பதில் சொல்லுவான்னு ஒங்களுக்குத்தான் ரொம்ப அவசரமா இருக்கு. நாலு நாளா வேலைக்கும் போகாம வந்து சொல்லிக் குடுக்கீங்களே, மில்லுல தேட மாட்டாங்களா?"

"இடுப்பு வலின்னு சீட்டு குடுத்திருக்கேன்."

"அந்த நாற்காலி ஒங்க இடுப்புக்கு ஒத்துக்கிடுதா?"

பேச்சிமுத்து சிரித்தார். கருத்தம்மாள் சிரிக்கவில்லை. அவளுக்கும் அதற்கு மேல் பேச வாய் இல்லை. ஏனென்றால் அவள் வீட்டிலும் ஒரு சீட்டு நடந்துகொண்டிருந்தது.

இருளப்பசாமிக்குக் காய்ச்சல் வந்தது நிஜம். மூன்று நாள் கம்பளியைச் சுற்றிக்கொண்டு கிடந்தார். டாக்டர் மேற்கொண்டும் படுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். நான்காம் நாள் காலையில் எழுந்தவர், நெற்றியைத் தானே தொட்டுப் பார்த்துவிட்டு, வத்திராயிருப்பு பஸ்ஸில் ஏறிக் கான்சாபுரத்துக்குப் போய்விட்டார். அங்கே அவர் தங்கை சுடலையம்மாள் தனி ஆளாகக் கதிர் அறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடமாட ஒத்தாசைக்கு ஆள் இல்லை. மில்லில் அறுப்புக்கு லீவு தர மாட்டார்கள். காய்ச்சலுக்குத் தருவார்கள்.

சீட்டில் இருக்கிறவர் வீட்டில் இருக்க வேண்டும் என்பது விதி. சில சமயம் ஆபீசிலிருந்து வந்து பார்ப்பார்கள். அதனால் தெருவுக்கும் ஒரு விதி இருந்தது. யாரும் எழுதி வைக்காதது, எல்லோரும் கடைப்பிடிப்பது. கையில் பை வைத்திருக்கும் வெளியாள் யார் வந்து, எந்த ஆம்பிளையின் பெயரைச் சொல்லி வீடு கேட்டாலும், அப்படி ஒருத்தர் இந்தத் தெருவில் இல்லை. குழாயடியில் கேட்டாலும் இல்லை, பெட்டிக்கடையில் கேட்டாலும் இல்லை. ஒரு முறை பெண் பார்க்க வந்த சங்கரன்கோவில் குடும்பம் பூவும் பழமுமாகத் தெருமுக்கிலிருந்தே திரும்பிப் போனது. மாப்பிள்ளையின் அப்பா கையில் தோல்பை வைத்திருந்ததுதான் காரணம்.

"இன்னொரு தடவை வெளிய போயிட்டு வா" என்றார் பேச்சிமுத்து.

நாச்சியார் வாசலுக்குப் போனாள். போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். ஒரு சைக்கிள் வந்து நின்றிருந்தது. ஹாண்டில்பாரில் ஒரு பை தொங்கியது.

"ஏம்மா, இங்க இருளப்பசாமி வீடு எது?"

நாச்சியாருக்குப் பின்னால் நாற்காலி சத்தம் போட்டது. திரும்பிப் பார்த்தபோது அது காலியாக இருந்தது. கொல்லைக் கதவு ஆடிக்கொண்டிருந்தது. இடுப்பு வலிக்காரர் சுவர் ஏறிக் குதித்த ஓசை தெளிவாகக் கேட்டது.

கருத்தம்மாள் துணியை மடியிலிருந்து தள்ளிவிட்டு வந்தாள். "எந்த இருளப்பசாமி?"

"மில்லுல வேலை பாக்கிறவரு."

"மில்லுல வேலை பாக்காத இருளப்பசாமி இந்த ஊருல யாரு இருக்கா? அப்படி ஒருத்தர் இந்தத் தெருவுல இல்லையே."

"முக்குக் கடையிலயும் இப்படித்தான் சொன்னாங்க. குழாயடியிலயும் சொன்னாங்க. எல்லாரும் ஒரே வார்த்தையில சொல்லுதீங்க."

"இல்லாத ஆள இல்லன்னு எத்தனை விதமாச் சொல்ல முடியும்?"

வந்தவர் நாச்சியாரைப் பார்த்தார். "நீ படிச்ச பிள்ள மாதிரித் தெரியுது. நீ சொல்லு தாயி. இருக்காரா, இல்லையா?"

அம்மாவின் முழங்கை அவள் விலாவில் மெதுவாகப் பட்டது.

"இல்ல சார். அப்படி யாரும் இல்ல."

வந்தவரின் பார்வை கொடியில் காய்ந்த, மில்லுக்குப் போட்டுப் போகும் காக்கி அரைக்கால் சட்டையில் ஒரு கணம் நின்றது. "சரி. இல்லன்னா விடுங்க. நஷ்டம் அவுகளுக்குத்தான்" என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

அவர் தெருவைத் தாண்டியதும் பேச்சிமுத்து முன்வாசல் வழியாக வந்தார். முழங்கையில் சிராய்ப்பு.

"என்ன சொல்லிட்டுப் போனான்?"

"நஷ்டம் அவுகளுக்குத்தான்னு சொல்லிட்டுப் போறான்."

"அப்படின்னா பெரிசா ஏதோ எழுதப் போறான்."

"அது கெடக்கட்டும். ஒங்களுக்கும் சீட்டு இருக்கு. எங்க வீட்டுக்காரருக்கும் இருக்கு. ஒங்க பேரைக் கேக்காம அவிய பேரை மட்டும் ஏன் கேட்டான்?"

"அத எங்கிட்ட ஏன் கேக்க?"

"யாரும் சொல்லாம அவனுக்கு எப்படித் தெரியும்?"

"தங்கச்சி, நீ என்னையப் பாத்துக்கிட்டே பேசுத."

"வேற யாரு இருக்கா இங்க?"

பேச்சிமுத்து நாற்காலியில் உட்காரவில்லை. "நாலு நாள் தொண்டைத் தண்ணி வத்தச் சொல்லிக் குடுத்ததுக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனார். தெருவில் யாரேனும் பார்ப்பார்களே.

வெள்ளிக்கிழமை காலை நாச்சியார் அத்தை கொடுத்த நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு ஆபீசுக்கு நடந்தாள். வாசல் பெஞ்சில் ஓர் ஆள் உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பெஞ்சின் மேல் அந்தப் பை இருந்தது.

அவர் நிமிர்ந்தார். இருவரும் ஒரே நேரத்தில் அடையாளம் கண்டுகொண்டார்கள்.

"நீ இருளப்பசாமி இல்லன்னு சொன்ன பிள்ளல்லா?"

"ஆமா சார்."

"இங்க என்ன?"

"இன்டர்வியூவுக்கு வந்தேன்."

"பேரு?"

"நாச்சியார்." அவள் பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அப்பா பேரு இருளப்பசாமி."

அவர் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். "அட பாவிப் பிள்ள. ஒனக்குத் தகவல் சொல்லத்தான நான் வந்தேன்! மதுரையிலருந்து வந்த ஆபீசர் வில்லிபுத்தூர் பயணியர் விடுதியில தங்கிட்டாரு. இன்டர்வியூவும் அங்கதான். எல்லாருக்கும் வீடு வீடாப் போயிச் சொல்லிட்டேன். ஒன் பேருக்கு நேரா விலாசத்துல ஆள் இல்லன்னு எழுதிவிட்டாச்சு."

"என் பேரைச் சொல்லிக் கேட்டிருந்தா..."

"நல்லாருக்கே! கல்யாணம் ஆகாத பிள்ள பேரை நடுத்தெருவுல நின்னு நான் கூப்பாடு போடவா? எனக்கும் பொண்ணு இருக்கு. தகப்பன் பேரைச் சொல்லிக் கேக்கதுதான முறை?"

நாச்சியாருக்கு அழுகை வந்தது. அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னார்: "எம் பேரு சங்கிலிப்பாண்டி. அழுத நேரத்துல பஸ் போயிரும். ஓடு."

ஸ்ரீவில்லிபுத்தூர் போகும்வரை பஸ்ஸில் அவள் பதில்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். வீடு மாறிவிட்டோம் என்று சொல்லலாம். சங்கிலிப்பாண்டி அவளைப் பழைய வீட்டிலேயே பார்த்துவிட்டார். கேட்டவர் தெரு மாறிப் போய்விட்டார் என்று சொல்லலாம். பாவம், அவர் வேலைக்கு உலை வைத்ததாகும். உண்மையைச் சொன்னால் அப்பா மாட்டுவார். மில்லுக்குத் தகவல் போகும். சொல்லாவிட்டால் விலாசமே பொய் என்று அவளை வெளியே அனுப்புவார்கள். கோபுரம் கண்ணில் பட்டபோது கும்பிடக் கையெடுத்தவள், என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் கையை இறக்கிவிட்டாள்.

பயணியர் விடுதியில் கடைசி ஆளும் வெளியே வந்துகொண்டிருந்தான். அதிகாரிக்குச் சாப்பாட்டுக் கேரியர் வந்து மேஜையில் இருந்தது.

"உள்ளே வரலாமா சார்?"

சத்தமாகத்தான் கேட்டாள். அதிகாரி நரைத்த மனிதர். உட்காரச் சொன்னார்.

"நாச்சியார். உங்க விலாசத்தில் ஆளே இல்லை என்று சொல்லியிருக்காங்க. உள்ளூர் ஆளுக்குத்தான் இந்த வேலை. விலாசம் பொய்யா?"

"பொய் இல்ல சார். அந்த வீட்டுலதான் பொறந்தேன்."

"அப்போ எங்க ஆள் பொய் சொல்றாரா?"

"இல்ல சார். அவரு சரியான வீட்டுக்குத்தான் வந்தாரு."

"யார் இல்லைன்னு சொன்னது?"

அம்மா என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. "நான்தான் சார்."

அதிகாரி பேனாவை மூடினார். "உங்க அப்பா பேரை, உங்க வீட்டு வாசல்ல நின்னு கேட்டதுக்கு, நீங்களே இல்லைன்னு சொன்னீங்க. ஏன்?"

மின்விசிறி சுற்றியது. கேரியரிலிருந்து ரசத்தின் வாசனை வந்தது. பேச்சிமுத்து மாமா இந்தக் கேள்வியை மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"அப்பாவைப் பாக்கத்தான் வந்திருக்காருன்னு நெனச்சோம் சார். அப்பா சீட்டுல இருக்காரு. காய்ச்சல்னு."

"வீட்டில் இருந்தாரா?"

"இல்ல சார்."

"காய்ச்சலாவது உண்டா?"

"மொத மூணு நாளு நெசம் சார்."

அதிகாரியின் மீசை லேசாக அசைந்தது. அது கோபமா, வேறா என்று நாச்சியாருக்குப் புரியவில்லை.

"மிச்ச நாள்?"

"அத்தை வீட்டுல அறுப்பு. ஆள் இல்ல."

"இதைச் சொன்னால் உங்க அப்பாவுக்கு என்ன ஆகும்னு தெரியுமா?"

"பஸ்ஸுல வரும்போது பூராவும் அதத்தான் நெனச்சேன் சார்."

"சரி. நாளைக்கு நீங்க ஜன்னலுக்கு உள்ளே இருக்கீங்க. உங்க அப்பாவே இப்படி ஒரு சீட்டோட வந்து நின்னா என்ன செய்வீங்க?"

இது மாமா ஏற்கெனவே கேட்ட கேள்விதான். கடமைதான் பெரிது, தகப்பன் என்றும் பார்க்க மாட்டேன் என்று மூச்சு விடாமல் சொல்ல வேண்டும். நாச்சியார் வாயைத் திறந்தாள்.

"எங்கிட்ட வர மாட்டாரு சார். பக்கத்து ஜன்னலுக்குப் போயிருவாரு."

அதிகாரி சத்தமாகச் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தி, அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் இன்னும் சந்தேகம் இருந்தது. "திங்கட்கிழமை உங்க அப்பா டாக்டர்கிட்ட போகணும். உடம்பு தேறிவிட்டது என்று எழுதி வாங்கி ஆபீசில் கொடுக்கணும். ஊரில் இல்லாத நாட்களுக்குப் பணம் கேட்கக்கூடாது. கேட்டால் நான் மில்லுக்கு எழுத வேண்டிவரும். போகலாம்."

"எனக்கு வேலை, சார்..."

"போகலாம்னு சொன்னேன்."

வீட்டுக்கு வந்தபோது இருளப்பசாமி கான்சாபுரத்திலிருந்து திரும்பியிருந்தார். முதுகெல்லாம் வெயில் பட்டுக் கறுத்து, தலைமாட்டில் ஒரு மூட்டைப் புது நெல்லோடு படுத்திருந்தார். நாச்சியார் நடந்ததைச் சொன்னாள்.

"பெத்த அப்பனையா காட்டிக் குடுத்த?" கருத்தம்மாள் தலையில் கை வைத்தாள். "பெத்த அப்பனையா, ஏட்டி!"

"கேட்டாரும்மா. வேற என்ன சொல்ல?"

"பஸ் கெட்டுப் போச்சுன்னு சொல்லு, தலைவலின்னு சொல்லு. இவ இன்னும் வேலைக்கே போகல, அதுக்குள்ள அவங்க ஆளாயிட்டா!"

இருளப்பசாமி எழுந்து போய் முகம் கழுவினார். திரும்பி வந்து, "பக்கத்து ஜன்னலுக்குப் போவேன்னா சொன்ன?" என்றார்.

"ஆமாப்பா."

"ம்" என்றார். திங்கட்கிழமை டாக்டரிடம் போனார். அன்றைக்கே மில்லுக்கும் போனார்.

தெருவில் செய்தி பரவ வெகுநேரம் ஆகவில்லை. பேச்சிமுத்துவின் இடுப்பு மறுநாளே குணமானது. அவர் நாச்சியார் வீட்டைத் தாண்டும்போது அவள் "மாமா" என்றால், "என்ன தாயி" என்பார், நிற்க மாட்டார். குழாயடியில் அவள் குடத்தை வைத்ததும் பேச்சு மழை, வெயில் என்று மாறும். "நம்ம பேரையும் சொல்லியிருப்பாளோ?" என்று ஒருத்தி கேட்டது அவள் காதில் விழுந்தது. "அப்பனையே சொன்னவ, நம்மள விட்டா வைப்பா?" என்று இன்னொருத்தி சொன்னதும் விழுந்தது. நாச்சியார் பேண்டேஜ் கம்பெனிக்குப் போகத் தொடங்கினாள்.

மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு நாள், சங்கிலிப்பாண்டியின் சைக்கிள் மறுபடி தெருமுக்கில் வந்து நின்றது. பெட்டிக்கடையில் பேச்சு நின்றது. வீட்டுக் கதவுகள் ஒன்றிரண்டு சாத்திக்கொண்டன. பேச்சிமுத்து எதற்கும் இருக்கட்டும் என்று கொல்லைப் பக்கம் போய் நின்றார்.

சங்கிலிப்பாண்டி இந்த முறை யாரிடமும் போய்க் கேட்கவில்லை. நடுத்தெருவில் நின்று தொண்டையைக் கனைத்தார்.

"நாச்சியார்! நாச்சியார் வீடு எது?"

கருத்தம்மாளுக்கு உடம்பெல்லாம் கூசியது. வயசுப்பிள்ளை பெயர் தெரு முழுக்க ஒலித்தது. அவர் இரண்டாவது முறை கூப்பிடுவதற்குள் தெருவுக்கு வந்தாள். கையில் மடித்த துணி இருந்தது. வந்தது நல்லதா கெட்டதா என்று அவளுக்குத் தெரியாது. இல்லை என்று சொல்ல நாக்கு பழகியிருந்தது.

"கூப்பாடு போடாதீங்க. இதுதான் வீடு. இருளப்பசாமி வீடும் இதுதான்."

"அப்படி ஒருத்தர் இருக்காராம்மா?"

"இருக்காரு. உள்ளதான் இருக்காரு. என்ன விஷயம்?"

"ஒண்ணாம் தேதி வேலையில சேரச் சொல்லியிருக்கு" என்றார் சங்கிலிப்பாண்டி.

ஒன்றாம் தேதி நாச்சியார் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்தாள். ஆபீசில் இரண்டு ஜன்னல். பக்கத்து ஜன்னலில் வரிசை வாசல்வரை நின்றது. அவள் ஜன்னலில் வேறு மில்காரர்கள் சிலர் வந்தார்கள். அவள் தெருக்காரர் ஒருவரும் வரவில்லை. பேச்சிமுத்து ஒரு நாள் தவறி வந்து நின்றவர், உள்ளே யார் என்று பார்த்ததும், "பீடி வாங்க மறந்துட்டேன்" என்று விலகி அடுத்த வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

தை மாதம் பிறந்த பிறகு ஒரு நாள் காலையில் இருளப்பசாமி வந்தார். வலது கையில் பெரிய கட்டு. கட்டின மடிப்பைப் பார்த்தாலே அம்மாவின் கை என்று தெரிந்தது. முந்தின நாள் அவர் வீடு திரும்பும் முன்பே நாச்சியார் தூங்கிவிட்டாள். காலையில் அவள் கிளம்பும்போது அவர் எழவில்லை; அம்மா அதற்குள் கம்பெனிக்குப் போயிருந்தாள்.

அவர் இரண்டு வரிசையையும் பார்த்தார். பக்கத்து வரிசையில் நின்ற தெருக்காரர்கள், "இங்க வாங்கண்ணே, எடம் விடுதோம்" என்று கூப்பிட்டார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டு மகளின் ஜன்னலுக்கு நேராக வந்து, இடது கையால் சீட்டை நீட்டினார்.

"பேரு?" என்றாள் நாச்சியார்.

"அப்படி ஒருத்தர் இல்லன்னு சொன்னவதான நீ?"

அவள் சிரிக்கவில்லை. சீட்டைப் படித்தாள். இயந்திரத்தில் விரல் மாட்டிக் காயம் என்றிருந்தது. டாக்டரின் கையெழுத்தும் முத்திரையும் சரியாக இருந்தன. அதோடு அவள் வேலை முடிந்தது. ஆனாலும் பேனாவை எடுக்காமல் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கான்சாபுரத்தில் இது கரும்பு வெட்டுகிற மாதம்; அத்தைக்கு ஆள் வேண்டியிருக்கும்.

பக்கத்து வரிசை பேச்சை நிறுத்திக் கவனித்தது.

இருளப்பசாமி மகளின் கண் போன இடத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல், பல்லால் முடிச்சை இழுத்து, கருத்தம்மாள் சுற்றிய துணியை ஒவ்வொரு சுற்றாக அவிழ்க்கத் தொடங்கினார். கடைசிச் சுற்று ரத்தத்தில் ஒட்டிக்கொண்டு வரவில்லை.

"போதும்ப்பா" என்றாள் நாச்சியார்.

அவர் நிறுத்தவில்லை. "பாத்துட்டே எழுது" என்றார்.